கட்டளை என்று நினைத்தது

செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் வேதாசலத்தின் பச்சைச் சட்டைக்கு இஸ்திரி போடுவது சரளாதான். கைமடிப்பில் இரட்டைக் கோடு விழுந்தால் தண்ணீர் தெளித்து மறுபடி தேய்ப்பாள். எட்டாம் மாத வயிறு மேசை விளிம்பில் இடித்தது.

"விடு, நான் தேச்சுக்கறேன்," என்றார் வேதாசலம்.

"உங்க மடிப்பைப் பாத்தா எங்கப்பா பரேட்லேருந்து வெளிய அனுப்பிடுவார்."

சரளாவின் அப்பா வெலிங்டனில் சுபேதாராக இருந்தவர். ராணுவக் குடியிருப்பிலேயே வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி மான்ட்ரியல் வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியேறியபோது, பகலில் டவுன்டவுனில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற கணவர், வாரத்தில் ஒரு சாயங்காலம் ரிசர்வ் காலாட்படையில் சார்ஜென்ட் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ரிசர்வ் என்றால் பகுதிநேரப் பட்டாளம். பஸ் ஓட்டுபவர், வாத்தியார், கல்லூரி மாணவர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. நகரத்தில் இப்படி ஏழெட்டுப் பட்டாளங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக்கொடி, தனித்தொப்பி, தனிப்பெருமை. ஆட்கள்தான் பாதிகூடக் கிடையாது. கோடை முகாமில் எல்லாரையும் ஒன்றாகத் திரட்டினால்தான் ஒரு முழுப் பட்டாளம் தேறும். இவை எல்லாம் சேர்ந்து ஒரு பிரிகேட், அதற்கொரு தலைமையகம். போர் வந்தால் நிரந்தரப் படைக்கு ஆள் கொடுக்க வேண்டும். வராத வரைக்கும் பழகிக்கொண்டே இருக்க வேண்டும்.

1976 ஜூலையில் அந்த ஊரில் ஒலிம்பிக். காவலுக்கு ரிசர்விலிருந்தும் ஆள் எடுப்பதாகப் பேச்சு இருந்தது. மே மாதம் ஒருநாள் சாப்பிடும்போது வேதாசலம் சொன்னார்: "ஜூலை முழுக்க டியூட்டி. முகாம்லதான் இருக்கணும்."

"கூப்பிட்டுட்டாங்களா?"

"ம்."

பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதியும் ஜூலைதான். சரளா ரசத்தை ஊற்றினாள்.

புறநகர் டொலார்டிலிருந்து போனில் சண்டைக்கு வந்தது சியாமளாதான். பேராசிரியர் மனைவி, அக்கா என்று கூப்பிட சரளாவுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே ஆள். "என்ன மனுஷன் இவர்! உங்கம்மாவாலயும் வர முடியலை. பொண்டாட்டிக்குப் பிரசவம்னு சொல்லி லீவு கேக்க வேண்டியதுதானே?"

"பட்டாளத்துல கூப்பிட்டா கூப்பிட்டதுதான் அக்கா. தம்பி பொறந்தப்போ எங்கப்பா எல்லைல இருந்தார். மூணு மாசம் கழிச்சுதான் புள்ளை மூஞ்சியைப் பாத்தார். அம்மா ஒரு வார்த்தை சொல்லலை."

"சரிதான், உனக்கும் சேத்து பரேட் வைக்கச் சொல்லு. வலி எடுத்தா எனக்குப் போன் பண்ணு, காரை எடுத்துட்டு வரேன்."

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வேதாசலத்தின் கீழ் வேலைபார்க்கும் கார்ப்பரல் மெக்கினன், இரவல் வாங்கிய கருவிப்பெட்டியைத் திருப்பிக்கொடுக்க வந்தான். பிழைப்புக்கு டாக்ஸி ஓட்டுபவன். வேதாசலம் தெருமுனை டெபனர் கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தார். சரளா காபி கொடுத்து, முகாமுக்கு எத்தனை ஜோடி காலுறை வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவனுக்குத் தெரியாதாம், அவன் போகவில்லை. ஊரெல்லாம் விருந்தாளிகள் வரும் நேரத்தில் டாக்ஸியை நிறுத்திவிட்டு ஸ்டேடியம் வாசலில் நிற்க எனக்கென்ன பைத்தியமா என்று சிரித்தான்.

சரளா பயந்துவிட்டாள். தண்டனை கிடையாதா என்று கேட்டாள்.

போர் வந்தால் வேறு கதை, மற்றபடி ரிசர்வில் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்றான் அவன். யார் வருகிறீர்கள் என்று கேட்பார்கள். வருகிறவர்கள் கையைத் தூக்குவார்கள். சார்ஜென்ட்தான் முதலில் தூக்கினார் என்று பெருமையாகவே சொல்லி, காபிக்கு நன்றி கூறிவிட்டுக் கிளம்பினான்.

வேதாசலம் பால் பையோடு உள்ளே வந்தார்.

"உங்களைக் கூப்பிட்டாங்களா, நீங்களா கையைத் தூக்கினீங்களா?"

அவர் கருவிப்பெட்டியைப் பார்த்தார். "மெக்கினன் வந்தானா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தூக்கினேன்."

"என்கிட்ட கூப்பிட்டாங்கன்னு சொன்னீங்க."

"நீதான் அப்படிக் கேட்டே. நான் ம்னு சொன்னேன்."

"நல்ல ம்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆபீஸ்ல ஆறு வருஷமா அதே மேசை. நான் வேலை கத்துக்குடுத்த பசங்ககிட்டயே கையெழுத்துக்கு நிக்கறேன். அங்க முப்பது பேர் என் வார்த்தைக்கு நிக்கறாங்க சரளா. நீ பட்டாளத்துக்காரர் பொண்ணு, புரிஞ்சுப்பேன்னு நினைச்சேன்."

"எங்கப்பாவை யாரும் வரியான்னு கேக்கலை. கேட்டிருந்தா வீட்ல இருந்திருப்பார்."

சொல்லி முடித்த பிறகுதான், அது அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது என்பது உறைத்தது.

"சரி," என்றார் வேதாசலம். "இன்னும் நேரம் இருக்கு. பேரை எடுத்துடச் சொல்லலாம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சரளா மெக்கினன் குடித்த கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்தாள்.

"எடுத்துடவா, வேண்டாமா? நீ ஒரு வார்த்தை சொல்லு. போகாதேன்னு சொன்னா போகலை."

"தூக்கறப்போ என்னைக் கேக்கலை. இறக்கறதையும் நீங்களே முடிவு பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, அவர் நாற்காலியைச் சுற்றி நடந்து, சரளா சமையலறையை விட்டு வெளியே போனாள்.