பதினொன்றிலிருந்து ஐந்துவரை டிட்டோ

இடது கையில் ஒரு பட்டை. இடுப்பில் ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே கருப்புக் குழாய். பகலில் அரை மணிக்கு ஒருமுறை, இரவில் மணிக்கு ஒருமுறை, பட்டை தானாகக் காற்றை நிரப்பிக்கொண்டு புஜத்தை நெரிக்கும். பிறகு, போனால் போகிறது என்பதுபோல் விட்டுவிடும். ரத்த அழுத்தம் ஒரு நாள் முழுக்க எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க டாக்டர் கட்டி அனுப்பியது. கூடவே ஒரு தாள். எந்த மணியில் என்ன செய்தேன், எப்போது தூங்கினேன் என்று அதில் எழுத வேண்டும்.

போலாரத்தில் நான் கணக்கு நடத்தும் பள்ளிக்கு அதோடுதான் போனேன். பஸ் ஹார்ன் அடித்தால் இதயம் தொண்டைக்கு வரும். வெயில் கொளுத்தும்போதும் சாக்பீஸ் பிடித்த விரல்கள் சில்லிட்டிருக்கும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், அடி விழப்போவதுபோல் தோள்கள் காதுவரை ஏறிக்கொள்ளும். தூக்கம் தொலைத்த உடம்புக்குக் குக்கர் விசிலும் ஆபத்துதான். வகுப்பில் பட்டை இறுகியபோது பாதிச் சமன்பாட்டில் நின்றேன். மேடத்துக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று ஒரு பெண் தெலுங்கில் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நான் தூங்குவதில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆறு வருடம் முன்னால் என் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பிய முதல் இரவு அவர் மூச்சை எண்ணத் தொடங்கினேன். நிறுத்தவே முடியவில்லை. நான் புரண்டால் அவர் விழித்துக்கொள்வார். விழித்தால் ஏன் தூங்கவில்லை என்பார். உங்களுக்குக் காவல் இருக்கிறேன் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? அதனால் அசையாமல் கிடக்கப் பழகினேன். தாடை இறுகும். கால்விரல்கள் மடங்கும். காதுக்குள் ரத்தம் நடந்துபோகும் சத்தம் கேட்கும். படுத்திருக்கும் உடம்புக்குள் ஒருத்தி ஓடிக்கொண்டேயிருப்பாள், கதவில்லாத அறையில்.

அன்றிரவும் அப்படித்தான். பெட்டி உறுமும்போதெல்லாம் அதன்மேல் தலையணையை அமுக்கிக்கொண்டேன்.

என் கணவர் குஷாய்குடாத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி முழுக்க மெஷினைப் பார்க்காமல், விடிந்ததும் லாக்புத்தகத்தில் முதல் ரீடிங்குக்குக் கீழே ஒரேயடியாக டிட்டோ போட்டு நிரப்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர்களைச் சொல்லிக்காட்டாத சாப்பாட்டு நேரம் எங்கள் வீட்டில் குறைவு. காலையில் தாளை அவரே வாங்கிக்கொண்டார். என் கையெழுத்து டாக்டருக்குப் புரியாதாம். பதினொன்றுக்கு எதிரே 'நல்ல தூக்கம்' என்று எழுதினார். அதற்குக் கீழே ஐந்து மணிவரை ஆறு டிட்டோ. நான் டிக்காஷன் ஊற்றிக்கொண்டே பார்த்தேன்.

ஹப்சிகுடா கிளினிக்கில் டாக்டர் தாளையும் பெட்டியிலிருந்து எடுத்த கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தூங்கும்போது அழுத்தம் இறங்க வேண்டும், இவங்களுக்கு ராத்திரி முழுக்க இறங்கவேயில்லை என்று தெலுங்கில் சொன்னார். நன்றாகத் தூங்கியும் இப்படியென்றால் கிட்னியைப் பார்க்க வேண்டும், ராத்திரிக்கு இன்னொரு மாத்திரையும் சேர்க்கலாம் என்று எழுதத் தொடங்கினார். நிஜமாகவே தூங்கினாரா என்று பேனாவை நிறுத்தி ஒருமுறை கேட்டார். என் கணவர் முந்திக்கொண்டு, அசையாமல் தூங்கினாள் என்றார். பெருமையாக.

சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு மாத்திரை. சொன்னால் ஆறு வருடமும் அவர் தலையில். பட்டை கழற்றிய கை, நெரிபடப்போவதுபோல் தானாக விறைத்தது.

"தூங்கல," என்றேன். தமிழில்.

டாக்டருக்குப் புரியவில்லை. என் கணவர் மட்டும் திரும்பினார்.

"எது வரைக்கும்?"

"விடியற வரைக்கும்."

"எத்தனை நாளா?"

"உங்க ஆபரேஷன்லேருந்து."

அவர் டாக்டரின் மேஜையிலிருந்து தாளை எடுத்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். 'நல்ல தூக்கம்' என்பதையும் ஆறு டிட்டோவையும் ஒவ்வொன்றாகக் குறுக்கே அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டார், தொழிற்சாலையில் தப்பான ரீடிங்கை அடித்தால் போடுவார்களே, அப்படி. பார்க்காமல் எழுதிட்டேன், இவ தூங்கவேயில்ல என்று தெலுங்கில் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் புது மாத்திரையின் பெயரை அடித்துவிட்டு, முதலில் தூக்கத்தைக் கவனிப்போம் என்றார்.

வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் அவர் என் கையில் பட்டை பதிந்த தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அன்றிரவு வழக்கம்போல் படுத்தோம். பதினொன்று அடித்தது. பக்கத்திலிருந்து மூச்சு வந்தது, சீராக, அளந்து விட்டதுபோல். அவர் தூக்கத்தின் மூச்சு எனக்கு மனப்பாடம். கடைசியில் லேசாக ஒரு விக்கல் மாதிரி வரும். இதில் அது இல்லை.

நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை.