கயிற்றின் மறுமுனையில் டேரல்

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் எங்கள் டேட்டன் ஊர்ப் பக்கம் வந்தால் என் உள்ளங்கையைக் காட்டுகிறேன். கயிறு கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

நானும் என் மனைவியின் தம்பி டேரலும் புறநகர் வீடுகளுக்குக் கூரை மாற்றுகிறவர்கள். சுருண்டுபோன பழைய தார் ஓடுகளைப் பெயர்த்துவிட்டு இரும்புத் தகடு அடிப்போம். தார் ஓடு சொரசொரப்பு, காலைப் பிடித்துக்கொள்ளும். தகடு அப்படியில்லை. நாலு தூறல் விழுந்தால் ஆளைக் கீழே தள்ளிவிடும். கயிறு மாட்டப் புதுத் தகட்டில் ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் டேரல் ஒரு குறுக்குவழி வைத்திருந்தான். முகட்டின் மேல் ஒரே கயிறு, இரண்டு முனையிலும் கொக்கி. ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை அந்தப் பக்கச் சரிவில் அவன் இடுப்பில்.

"நான் விழுந்தா உன் தொப்பை என்னைக் காப்பாத்தும் மச்சான்," என்று சிரிப்பான்.

அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை. லேசான தூறல். சரியாக 3.12-க்கு அந்தப் பக்கம் "சர்ர்ர்..." என்று ஒரு சத்தம். கயிறு என்னை மேலே இழுத்தது. வழியில் இருந்த புகைபோக்கியைக் கட்டிக்கொண்டேன். முகம் செங்கல்லோடு ஒட்டிவிட்டது. கைக்கடிகாரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"லைல் மச்சான்... விட்றாத!"

"விடமாட்டேன்டா! கால் எங்கயாவது எட்டுதா?"

"விட்றாத மச்சான்..."

எதைக் கேட்டாலும் அதே பதில். தொண்டை கிழியக் கத்தினேன். தெருவில் ஒரு ஆள் இல்லை.

3.19. விரல்கள் மரத்துவிட்டன.

3.22. செங்கல் பெயர்ந்தது. இன்னும் கொஞ்சம் போனால் இரண்டு பேரும்...

"விட்றாத..."

3.23. ஓடு அறுக்கும் கத்தியை எடுத்தேன். அழுதுகொண்டே கயிற்றை அறுத்தேன். மனம் கேட்காமல் உடனே பிடிக்கப் பார்த்தேன். உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

விழுந்த சத்தமே இல்லை.

பாம்... பாம்...

கீழே வண்டி. டேரல் இறங்கினான், கையில் டோனட் பொட்டலம்.

"யாரோட கத்திட்டிருந்த? திருகாணி தீந்துபோச்சுன்னு மூணு மணிக்கே கயித்தைக் கழட்டிட்டு இறங்கிட்டேனே!"

புல்தரையில் அறுந்த கயிறு கிடந்தது. அவன் பக்கத்துக் கொக்கி யாரையோ மாட்டியிருந்ததுபோல மூடியே இருந்தது.

ஒரே கயிறு வேண்டாமென்று அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "உனக்கு வயசாயிடுச்சு மச்சான்," என்றான். நான் அன்றோடு கூரை ஏறுவதை விட்டேன். என் இடத்துக்கு நெட் என்ற ஒருவனைச் சேர்த்துக்கொண்டான்.

அதற்கு மூன்றாவது செவ்வாய்க்கிழமை, வேறொரு வீட்டில், டேரல் விழுந்து செத்தான்.

அடக்கத்துக்கு வந்த நெட் நேராக என்னிடம் வந்தான்.

"என்னைப் போய் 'லைல் மச்சான், விட்றாத'ன்னே கூப்பிட்டான் அண்ணே. நான் நெட்டுடான்னு சொல்லச் சொல்லக் கேக்கல. 3.12-லேர்ந்து பதினோரு நிமிஷம் பிடிச்சேன். அப்புறம்... அறுத்துட்டேன்."

"கொலைகாரப் பாவி!" என்று என் மனைவி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.