சலேத்தம்மாவின் ஊதாக் கால்கள்

எழுபத்தெட்டாம் வருடம் பெரிய வியாழனன்று, தானா ராத்தா மலையூர்க் கோவிலில் பாதிரியார் பணிவின் அடையாளமாகப் பன்னிரண்டு ஆண்களின் கால்களைக் கழுவினார். அவர்களில் ஒருவன் சூசை. தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷினில் வேலை. "இதை உங்கள் வீட்டிலும் செய்யுங்கள்" என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். மற்ற பதினொரு பேருக்கும் அது பிரசங்கமாகக் கேட்டது. சூசைக்கு உத்தரவாகக் கேட்டது.

திங்கட்கிழமையே தொடங்கிவிட்டான். மனைவி சலேத்தம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து பூட்சைக் கழற்றியதும் கதவைச் சாத்தினான். பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, அவள் காலைப் பிடித்தான்.

"விடுங்க, கூசுது! வெறகு பொளந்து குடுங்கன்னு மூணு மாசமா கத்துறேன். இருக்கிற வெறகையும் என் காலுக்குத் தண்ணி காய வச்சே தீத்துடுவீங்க போல."

"வெறகு எவன் வேணாலும் பொளப்பான். இது தாழ்ச்சி" என்றான் சூசை.

தாழ்ச்சி என்று சொன்னாலும், கதவைச் சாத்தியது வெட்கத்தால்தான். ஆனால் லயத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு நடுவே இருப்பது வெறும் பலகை. நான்காம் நாள், பக்கத்து வீட்டுக் காளியம்மா இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். சுடுதண்ணீர், உப்பு, சாத்திய கதவு. வேறு என்னவாக இருக்க முடியும்? விடிவதற்குள், லயத்துப் பேச்சில், சலேத்தம்மாவின் காலில் சீழ் பிடித்திருந்தது. காலைப் பெரட்டில் வேலையாட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது அது தொத்து நோயாகிவிட்டது.

"நீ தள்ளி நில்லு. டிரஸ்ஸர் பாக்காம மலையில கால வைக்கக் கூடாது" என்றார் செல்லையா கங்காணி.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ராதாகிருஷ்ணன் இரண்டு கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. ஒன்றுமில்லை என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. முழங்கால் வரை ஊதா மருந்தைப் பூசி, இரண்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று எழுதினார்.

இரண்டு வாரம் போகாவிட்டால், பதினோரு வருடமாக அவள் பறித்துவந்த தேயிலை நிரை வேறொருத்திக்குப் போய்விடும். போனால் திரும்பாது.

"நாளைக்குப் பெரட்டுல வந்து சொல்லுங்க" என்றாள் சலேத்தம்மா.

"என்னான்னு?"

"செஞ்சததான். வேற என்னத்த?"

மறுநாள் அறுபது பேருக்கு முன்னால் சூசை நின்றான். காது சிவந்திருந்தது. "அவளுக்கு நோய் இல்ல. நாந்தான் தெனமும் அவ கால கழுவுறேன்."

"எதுக்கு?" என்றார் கங்காணி.

"அன்புக்கு."

யாரும் சிரிக்கக்கூட இல்லை. கங்காணி அவனைக் கவலையோடு பார்த்தார். "இவன் தலையையும் டிரஸ்ஸர்கிட்ட காட்டணும்லா."

"பாவம் அண்ணன். நோய மறைக்க எப்படிப் பொய் சொல்லுது பாரு" என்றாள் காளியம்மா.

நோய்க்குச் சாட்சி தேவைப்படவில்லை. அன்புக்குத் தேவைப்பட்டது, சாட்சியும் போதவில்லை.

அப்போது ஊதாக் கால்களோடு சலேத்தம்மா முன்னால் வந்தாள். "சம்சு குடிச்சிட்டு வந்தாரு, கங்காணி. தண்டனையா நாந்தான் கால கழுவ வச்சேன்."

"ஓ!" என்று கூட்டமே மூச்சு விட்டது.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" கங்காணி அவள் பெயருக்கு நேரே, வேலைக்கு வந்ததாகக் கோடு போட்டார். காளியம்மா தன் புருஷன் ராமசாமியை யோசனையோடு திரும்பிப் பார்த்தாள்.

சூசை பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தான். ஊதாக் கால்கள் அதற்குள் கூடையோடு மலையேறத் தொடங்கியிருந்தன. வாயை மூடிக்கொண்டான். அந்தக் கால்களுக்காக அவன் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அவன் தோளைப் பிடித்தார். "குடிய விட்டுடுப்பா. உனக்கு வாய்ச்சவ நல்லவ."

"விட்டுடறேன், சாமி" என்றான். காப்பாற்றச் சிரமமில்லாத வாக்கு.

அன்று சாயங்காலம் சலேத்தம்மா கோடாலியை அவன் கையில் கொடுத்தாள். "தண்டனைய மாத்தியாச்சு." லயமே வேடிக்கை பார்க்க, சூசை விறகு பிளந்தான்.

"நல்லா பொள, அண்ணே! போதை எறங்கட்டும்!" என்றாள் காளியம்மா.

விறகை அடுக்கிவிட்டு உள்ளே வந்தபோது, சலேத்தம்மா பேசினில் தண்ணீரை ஊற்றிக் காலையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். பலகை இடுக்கில் பழந்துணி அடைத்திருந்தது.

"கதவச் சாத்துங்க" என்றாள். "கூசாம கழுவணும்."