தபிதாளின் வெள்ளைக் களிம்பு

தபிதாளுக்கும் வெயிலுக்கும் ஜென்மப் பகை. ஆனால் அவள் பிழைப்பே வெயிலில்தான். திருத்தணி சித்தூர் ஜில்லாவோடு இருந்த காலம் அது. எங்கெங்கோ உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. புருஷன் யோபு செத்துப்போனபிறகு, கே.ஜி.கண்டிகைப் பக்கத்துக் கழனிகளில் நாற்று நட்டும் களை எடுத்தும் மகள் கிருபாவை வளர்த்து ஆளாக்கியிருந்தாள்.

நாற்பதை நெருங்கும்போது அவள் நெற்றியில், மயிரோரமாக, ஒரு வெள்ளைத் திட்டு கிளம்பியது. பிறகு முன்கைகளிலும் வந்தது. வலியில்லை, அரிப்பில்லை. ஆனால் அந்த இடத்தில் வெயில் பட்டால் போதும், சூடு போட்ட மாதிரி சிவந்து கொப்புளிக்கும். இது பெருநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னார். ஊர் கேட்குமா? தோலில் வெள்ளையாக எதைக் கண்டாலும் குஷ்டம், அவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்த வைத்தியம். கைகளை நீளக்கை ரவிக்கை மறைத்தது. நெற்றிக்கு முக்காடு இருந்தது. குனிந்து நடும்போது அது எங்கே நிற்கிறது?

கம்பவுண்டர் துத்தநாகத் தூளை வாஸ்லினில் குழைத்து ஒரு டப்பாவில் கொடுத்தார். நல்ல மருந்துதான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பூசிய அன்றே காந்தல் நின்றது, கொப்புளமும் வரவில்லை. அது தோலுக்குள் இறங்குகிற மருந்து இல்லை. மேலேயே நின்று வெயிலைத் தடுக்கும். மேலேயே நிற்பதுதான் வம்பும். பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வேர்வையில் வழியும், மத்தியானம் மறுபடி பூச வேண்டும். கழனிப் புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். தண்ணீருக்குப் போகாது, எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். ஊரில், கூட நடவு நட்ட கெங்கம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரியும். மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா என்று கேலி பண்ணுவாளே தவிர, வெளியே மூச்சுவிட மாட்டாள்.

அந்த வருஷம் கிருபாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை ஜெயபால் பள்ளிக்கூட வாத்தியார். அவன் தாய் ரெபேக்காள் பெண் பார்க்க வந்த அன்றே, குடும்பத்தில் தோல் வியாதி ஏதாவது உண்டா என்று கேட்டாள். தபிதாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இல்லை என்றாள். சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் சபை உபதேசியார் பிரபுதாஸ். ரெபேக்காளுக்குத் தம்பி முறை. கல்யாணத்துக்கு முன்னால் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று சபையில் ஓலை வாசிப்பார்கள். ஓலை வாசிக்காமல் கல்யாணம் கிடையாது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் ரோடெல்லாம் காவடியும் திருநீற்று நெற்றிகளுமாக இருந்தது. நடவு முடிந்து அந்தக் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்த தபிதாளுக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. முக்காட்டைத் தள்ளிவிட்டு விரல்களால் நெற்றியை வழித்தாள். களிம்பு பட்டை பட்டையாக நின்றது. எதிரே சைக்கிளில் வந்த உபதேசியார் அதைப் பார்த்துக்கொண்டே போனார்.

சாயந்திரம் வீட்டுக்கே வந்தார். கிறிஸ்தவள் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டு காவடிக்காரர்களோடு நடக்கலாமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஓலை வாசிக்கலாம், இல்லாவிட்டால் முடியாது என்றார். பூட்டன் காலத்தில் விட்ட திருநீற்றைத் தபிதாள் கையால் தொட்டதுகூட இல்லை. டப்பாவை எடுத்துக் காட்டினால் பழி தீர்ந்தது. ஆனால் டப்பாவைக் காட்டினால் நெற்றியையும் காட்ட வேண்டும். நெற்றியைக் காட்டினால் சேதி விடிவதற்குள் பொதட்டூர்பேட்டைக்குப் போய்விடும்.

"சரிங்க ஐயா, ஞாயித்துக்கெழம சொல்லிடறேன்" என்றாள்.

அவர் போனதும் கிருபா சண்டைக்கு வந்தாள். உண்மையைச் சொல்லு, இந்தக் கல்யாணம் போனால் போகட்டும் என்று அழுதாள். தபிதாள் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் நின்று, முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாம்பல் பூசினேன், மன்னியுங்கள் என்றாள். அவளுக்காக எல்லோரும் ஜெபம் பண்ணினார்கள். ஓலை கேட்க வந்திருந்த ரெபேக்காள் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கா இவ்ளோ கலங்கினீங்க சம்பந்தி? நான் வேற என்னாவோ ஏதோன்னு பயந்துகினு இருந்தேன்."

அவள் பிடித்திருந்தது ரவிக்கைக் கையின் ஓரத்தை. தபிதாள் மெல்லக் கையை உருவி, அந்த ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஓலை வாசித்தாயிற்று. ஆனால் செய்த குற்றத்துக்குத் தண்டனை உண்டு. கிறிஸ்துமஸ் வரைக்கும் தபிதாளுக்கு இராப்போஜன அப்பமும் ரசமும் கிடையாது என்றார்கள். போதகர் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்ததும் சனங்கள் வரிசையாக எழுந்து போனார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். செய்யாத பாவத்தை ஒப்புக்கொண்டதைவிட, கர்த்தர் சந்நிதியில் வாய் கூசாமல் பொய் சொன்னதுதான் அவளை அரித்தது. பக்கத்தில் கிருபாவும் எழவில்லை.

"நீ போவாத எடத்துக்கு நானும் போவலம்மா."

தூரத்தில் ரெபேக்காள் திரும்பிப் பார்த்தாள். தபிதாள் மகள் தொடையில் கிள்ளினாள்.

"போடி. நீ போவலன்னா நான் சொன்ன பொய் வீணாப் பூடும்."

கிருபா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். இனி நெற்றியில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உபதேசியார் சும்மா விடமாட்டார். திங்கட்கிழமை தபிதாள் ஒன்றும் பூசாமல் கழனியில் இறங்கினாள். உச்சிக்கு முன்பே கொப்புளம் கிளம்பிவிட்டது.