மாரிகுப்பம் ரயிலில் சுருங்காத கேள்வி

ஆய்வுக் கேள்வியை, பெங்களூரு போகும் மாரிகுப்பம் ரயிலில் வாய்விட்டுப் படித்தது என் தப்புதான்.

ஏற்கெனவே வந்த ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் திரட்டி, ஒரே கேள்விக்குப் பதில் தேடுவதுதான் என் வேலை. "1956 முதல் எழுபதுகள் வரை கேஜிஎஃப் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நலம் எப்படி இருந்தது?" என்று போன வாரம் எழுதிக் கொடுத்தேன்.

"இது கேள்வியா, கடலா? சுருக்கு" என்றார் என் ஆய்வு கைடு.

சுருக்கினேன். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் மட்டும், நுரையீரல் நோய் மட்டும்.

இன்று காலை அதைப் படித்ததும், தினமும் பையைப் போட்டு எனக்கு சீட் பிடித்து வைக்கும் மாரிகுப்பம் அக்கா முறைத்தார்.

"எங்க தாத்தா கீழ எறங்கவே இல்ல. மேல கல்லு அரைக்கிற மில்லுல நின்னு கல்லுத்தூள துன்னாரு. அவுரு நுரையீரல் இன்னா ரப்பரா?"

மில்லைச் சேர்த்தேன்.

எதிர் சீட்டில், சுரங்கத்துப் பாலகாட் பகுதியிலிருந்து வரும் அண்ணன் சும்மா இருப்பாரா? "எங்கப்பாவுக்கு வெடிச் சத்தத்துல காது போச்சும்மா. காது இன்னா, உடம்புல சேர்த்தி இல்லியா?"

காதையும் சேர்த்தேன். பங்காருப்பேட்டை வருவதற்குள் முதுகுவலி, முட்டிவலி எல்லாம் ஏறிக்கொண்டன.

மத்தியானம் கைடு பார்த்துவிட்டு, "போன வாரக் கடல்தானே இது?" என்றார். நாளைக்குள் சுருக்காவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவாராம்.

மில்லை வெட்டினால் இனி பெங்களூரு வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும்.

எதை வெட்டலாம், சொல்லுங்கள். என் ஓட்டு காதுக்கு. பாலகாட் அண்ணன் யாருக்கும் சீட் பிடித்துத் தருவதில்லை.