மாசாயில் ஓர் அமெரிக்க அதிபருக்குத் தீர்ப்பு

முட்டிவலியை முன்னிட்டு, இனி வெளியூர்ப் பட்டிமன்றங்களுக்கு நடுவராகப் போவதில்லை என்று தீபாவளியோடு முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு பிப்ரவரி வரைக்கும்தான் தாங்கியது. ஜோகூரில், மாசாயில் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் அழைத்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி. தலைப்பு, ‘முன்னாள் அமெரிக்க அதிபர் ஆட்சியில் வென்றாரா, தோற்றாரா?’ எந்த அதிபர் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கருத்துப் பகுதியில் நீங்கள் அடித்துக்கொள்வீர்கள், அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்களாம். எனக்கு மறுக்கத் தெரியாது என்பதுதான் உண்மையான காரணம்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிள்ளானில் ரயில் ஏறி, ஒரு முறை மாறி, ஏழே காலுக்குப் பண்டார் தாசேக் செலாத்தான் பேருந்து முனையத்தில் இறங்கினேன். எட்டு மணி பஸ், ஜோகூரில் லார்க்கின் முனையம் வரை கட்டணம் முப்பத்து நான்கு மலேசிய வெள்ளி, கிட்டத்தட்ட முந்நூற்று முப்பது கிலோமீட்டர். பாகோ ஓய்விடத்தில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். பத்து நிமிடம் கழிப்பறை வரிசையில் போனது, மீதிப் பத்து நிமிடம் எந்த பஸ் என்னுடையது என்று தேடுவதில் போனது. லார்க்கினில் இறங்கியபோது மணி ஒன்று பத்து. குளிர்சாதனத்தில் உறைந்த கால், வெளியே வெயிலில் நடக்க மாட்டேன் என்றது.

சங்கச் செயலாளர் குணா காரோடு காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றுக்குத் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறவர். மாசாய்க்கு இருபது கிலோமீட்டர்தான், ஆனால் சனிக்கிழமை நெரிசலில் ஐம்பது நிமிடம் ஆனது. போன வருடம், குடும்பத்தில் சிக்கனமானவர் கணவனா மனைவியா என்று பட்டிமன்றம் வைத்து, இரண்டு வீட்டார் இன்றுவரை பேசிக்கொள்வதில்லையாம். வம்பே வேண்டாமென்று இந்த வருடம் கடல் தாண்டிப் போய் ஓர் அதிபரைப் பிடித்திருக்கிறார்கள்.

வம்பு கூடவே வந்திருந்தது. ‘வென்றார்’ அணியின் தலைவர் மணியம், அறுபத்தாறு வயது, எட்டு வருடம் அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். இரண்டு மாதத்துக்கு முன் தேர்தலில் தோற்றார். ஏழு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை, பராமரிப்பு அலுவலகத்தைக் கேட்டு அவர் ஒன்றும் செய்யவில்லை என்று குடியிருப்பவர்களுக்குக் கோபம். தோற்ற நாளிலிருந்து அவர் யாரோடும் பேசுவதில்லை. அமெரிக்காவைப் பற்றித்தானே என்று கெஞ்சிக் கூத்தாடி மேடைக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள்.

“டீச்சர், இதுலயும் தோத்தா கெலாங் பாத்தாவுக்கு மக வீட்டோட போயிடுவேன்னு சொல்லிட்டாரு,” என்றார் குணா. “இங்க ஒரு சாவுன்னா மொத ஆளா வந்து நிக்கிறவரு அவருதான். எங்கம்மாவுக்கு எல்லாம் அவருதான் நின்னு செஞ்சாரு. கொஞ்சம் பாத்து தீர்ப்பு சொல்லுங்க லா.”

வாதத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதைக் கேட்பதற்கா ஏழரை மணி நேரம் பயணம் செய்தேன் என்று எரிச்சலாக இருந்தது. எரிச்சலைவிட அலுப்பு அதிகம். ஊர் ஊராக இதையேதான் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

தங்கியது கடைத்தெருவில் ஒரு சின்ன விடுதி, ஓர் இரவுக்கு எண்பத்தைந்து வெள்ளி. சுத்தம், ஆனால் மெத்தை குழிவிழுந்தது. கீழே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் இரண்டு தோசை, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ, ஏழு வெள்ளி. சட்னி சுமார். காற்று திரும்பினால் பாசிர் கூடாங் பக்கத்திலிருந்து ரசாயன வாசனை வருகிறது. கடைக்காரரிடம் சொன்னேன். அப்படியா, எங்களுக்குத் தெரியவில்லையே என்றார்.

ஞாயிறு காலை குணா வீட்டில் பசியாற அழைத்திருந்தார்கள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவில் ‘ரோசாக்’, அதாவது பழுது, என்று ஒட்டிய தாளே நைந்து கிழிந்திருந்தது. நாற்பத்தெட்டுப் படி. எட்டாவது மாடியில் இருக்கிறவர்கள் அரிசி மூட்டையை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டேன். நாலு தடவை உட்கார்ந்து, என்றார் குணாவின் மனைவி.

கீழ்த்தளக் கூடத்தில் எழுபது பேர் இருப்பார்கள். மணியம் வெள்ளைச் சட்டையில், தாள் எதுவும் இல்லாமல் வந்து நின்றார். நன்றாகவே பேசினார். அந்த அதிபர் பதவிக்கு வந்தபோது கையில் கிடைத்தது காலி வீடு, கைக்குக் கொடுத்ததை வைத்துத்தான் ஒருவரை அளக்க வேண்டும், நாம் ஆசைப்பட்டதை வைத்து அல்ல என்றார். கை தட்டினார்கள்.

எதிரணியில் லெட்சுமி. எட்டாவது மாடி, இரண்டு பிள்ளைகள். இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடே வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“அவர் பேசினா நானும் ரசிச்சுக் கேப்பேன். நல்லவரு இல்லன்னு நான் சொல்ல வரல. சொன்னது நடந்துச்சா? நடக்கலன்னா, ஏன் நடக்கலன்னு ஜனங்களுக்குச் சொன்னாரா? அத மட்டும் சொல்லுங்க.”

யாரும் லிஃப்ட் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் கூடமே மணியத்தைப் பார்த்தது.

மறுப்புரையில் மணியத்தின் குரல் மாறியது. அதிபர் கேட்டார், கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை, அவர் என்ன செய்வார் என்றார். நடுவர் இடையில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். அவர் நாடாளுமன்றத்திடம் எத்தனை முறை கேட்டார் என்று கேட்டேன். பேச்சாளருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும் சாதாரணக் கேள்விதான்.

“பதினாலு கடிதம் டீச்சர்,” என்றார் உடனே. “எல்லாத்துக்கும் காப்பி வச்சிருக்கேன்.”

என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரியச் சில விநாடிகள் ஆயின. இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தும் போய் உட்கார்ந்துவிட்டார். லெட்சுமி எதிர்ப்பக்கத்திலிருந்து, இப்போது மேடைக்காக இல்லாமல், கேட்டாள்.

“இத ஏன் அங்கிள் எங்ககிட்ட சொல்லல?”

“பதிலே வரல. வராத பதில என்னன்னு வந்து சொல்றது?”

தீர்ப்புக்கு எழுந்தபோது குணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதைச் செய்வது சுலபமாக இருந்திருக்கும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எடுத்த வேலையை முடிக்காததால் ஓர் அதிபர் தோற்றவர் ஆகமாட்டார், முழுக்க முடித்தவர் உலகத்தில் யாரும் இல்லை என்றேன். வழி அடைபட்டதை மக்களிடம் மறைத்தாரே, அங்கேதான் தோற்றார், சொல்லியிருந்தால் அவர்கள் கூடவே நின்றிருப்பார்கள் என்றேன். ‘தோற்றார்’ அணிக்கே வெற்றி. நான் அமெரிக்க அதிபரைத்தான் சொன்னேன். கூடத்தில் ஒருவர்கூட அமெரிக்காவை நினைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். உட்கார்ந்தபோது சரியானதைச் சொன்ன நிம்மதி வரவில்லை, ஒரு மனிதரை ஊரைவிட்டு அனுப்பிவிட்டோமே என்ற வருத்தம்தான் வந்தது.

மணியம் என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியேறிப் போனார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் லெட்சுமியும் படியேறினாள். தூங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு குணாதான் லார்க்கினில் விட்டார். வழி முழுக்க இரண்டே வார்த்தை பேசினார், இரண்டும் நெரிசலைப் பற்றி. வீட்டுக்கு வந்து சேர்ந்து, மூன்று நாள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். ஆட்சி செய்கிறவர்களை எடைபோடுவது எளிது என்று வகுப்பில் எத்தனை வருடம் பேசியிருக்கிறேன். நான்கு அளவுகோல், ஐந்து மதிப்பெண். அளக்கப்படுகிறவர் எதிரில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில: ஜோகூரில் இப்போது வார விடுமுறை சனி, ஞாயிறு. பழைய வெள்ளிக்கிழமைக் கணக்கில் கிளம்பாதீர்கள். ஞாயிறு மாலை வடக்கே திரும்பும் பஸ்ஸுக்கு நான்கு நாள் முன்பே சீட்டு எடுங்கள். லார்க்கினிலிருந்து மாசாய்க்கு வாடகைக் கார் இருபது முதல் இருபத்தைந்து வெள்ளி. சால்வை ஒன்று கொண்டுபோங்கள், பஸ்ஸில் குளிர் எலும்பைத் துளைக்கும். யாராவது வீட்டுக்கு அழைத்தால் எத்தனையாவது மாடி என்று முதலில் கேளுங்கள்.

வியாழக்கிழமை, மனம் கேட்காமல், மணியம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாரா என்று குணாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. பராமரிப்பு அலுவலகத்துக்கு மலாயில் எழுதிய பதினைந்தாவது கடிதம். இந்த முறை ஒரு நகலை, எல்லாரும் படிக்கும்படி, லிஃப்ட் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று லெட்சுமியுடையது. மற்றதன் கீழே மணியம் தன் கையாலேயே எழுதியிருந்தார்: முன்னாள் தலைவர்.