கேதீஸ்வரன் வீட்டுக்கு வராத பேய்கள்

கேதீஸ்வரனுக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. வாசற்படியில் உண்டு. படிக்கு உள்ளே நின்றுகொண்டு வெளியே நிற்பவருக்கு எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. படகில் அவுஸ்திரேலியாவுக்கு வந்து பத்து வருடம் விசாவுக்குக் காத்திருந்தவர். முதல் மறுப்புக் கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து படிக்கு மேலால்தான் வாங்கினார். அதன் பிறகு தபால்காரரைக் கண்டால் வெறுங்காலோடு ரோட்டுக்கே ஓடிவிடுவார். நல்ல சேதி வந்த கடிதம் ரோட்டில் வாங்கியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

போன வருடம்வரை சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். பிள்ளைகள் பேய் வேடத்தில் வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் ஹாலோவீனுக்கு அவ்வளவு படி ஏறி எந்தப் பேய் வரும்? மகள் வர்ஷா விடிய விடிய அழுதாள். இந்த வருடம் பரமட்டாவுக்கு மேற்கே தெருவைப் பார்த்த வாடகை வீடு. ஆறு வயது வர்ஷாவுக்கு ஒரே ஓர் ஆசைதான்: தன் வீட்டுக்கும் பிள்ளைகள் வரவேண்டும்.

மனைவி வதனி கட்டில் விரிப்பில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு மகளைப் பேயாக்கினாள். கேதீஸ்வரன் பெரிய சோற்றுச் சட்டி நிறையச் சொக்லேட் கொட்டினார். பின்னேரம் ஆறு மணி. சிட்னியில் அந்த நேரத்துக்குச் சுள்ளென்று வெயில். பேய்கள் முகத்தில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வந்தன.

முதலில் ஒரு சூனியக்காரி, ஓர் எலும்புக்கூடு, ஒரு டைனோசர். வர்ஷா சட்டியை நீட்டப் போக, கேதீஸ்வரன் விரிப்பின் வாலைப் பிடித்து உள்ளே இழுத்தார். படிக்கு மேலாலேயா? அதோடு இவர்கள் தபால்காரர்கள் இல்லை, மகளைத் தேடி வந்த விருந்தாளிகள். வெளியே வைத்து அனுப்பினால் மரியாதையா?

“கம் இன்சைட்! சொக்லேட் இருக்கு, கம் இன்சைட்!” என்று வாயெல்லாம் பல்லாக அழைத்தார்.

நடைபாதையில் நின்ற சூனியக்காரியின் தாய் ஒரு சத்தம் போட்டாள். மூன்றும் பின்வாங்கின. பாவம், கூச்சமாக்கும் என்று நினைத்த நம்மாள், அடுத்து வந்தவர்களை இன்னும் உரக்க அழைத்தார். அவர்களின் தகப்பன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான். அதன் பிறகு தெருவே எதிர்ப்பக்கத்தால் நடந்தது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த வதனி ஓடி வந்தாள். “உங்களுக்கென்ன விசரே? தெரியாத ஆம்பிளை சொக்லேட்டைக் காட்டி வீட்டுக்குள்ள கூப்பிட்டா ஆர் பிள்ளையை விடுவினம்? நீங்கள் வர்ஷாவை விடுவீங்களோ?”

“விடுறதோ? அவன்ர காலை முறிப்பன்!” என்றார் கேதீஸ்வரன். சொன்ன பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது.

 வர்ஷாவின் விரிப்பில் இரண்டு ஓட்டைகளையும் சுற்றி ஈரமாகிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட கேதீஸ்வரன் சட்டியைத் தூக்கினார்.

ஒரு கையில் சட்டி, மறு கையில் மகள். படியைத் தாண்டி, முற்றத்துப் புல்லைக் கடந்து, ரோட்டோரத்துத் தங்கள் தபால்பெட்டியடியில் போய் நின்றார்.

“வாயைத் திறக்காதேங்கோ!” என்று பின்னாலிருந்து வதனி எச்சரித்தாள்.

எதிர்ப்பக்கத்தில் சூனியக்காரியின் தாய் அவரையே முறைத்தாள். வேர்த்து ஒழுகிய வர்ஷா விரிப்பைத் தூக்கி முகத்தைத் துடைத்தாள்.

“வர்ஷா!” என்று கத்தினாள் சூனியக்காரி. இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

தாயின் முகம் இளகியது. சூனியக்காரி ஓடி வர, பின்னால் தெருவே திரண்டு வந்தது. கால் மணி நேரத்தில் சட்டியின் அடி தெரிந்தது. டைனோசர் இரண்டு தரம் வாங்கியது.

எல்லாரும் போன பிறகும் கேதீஸ்வரனுக்கு மனம் ஆறவில்லை. “எல்லாம் சரி பிள்ளை. வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லையே.”

“வந்தவைதானே அப்பா.” வர்ஷா காலால் புல்லில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். “இதுவும் எங்கட வீடுதானே.”

கேதீஸ்வரன் குனிந்து பார்த்தார். இந்த நாட்டில் காலை வைத்த நாளிலிருந்து, கதவுக்கு உள்ளே இருப்பதை மட்டும்தான் தன்னுடையது என்று நினைத்திருந்தார். புல் கணுக்கால்வரை வளர்ந்து கிடந்தது. இவ்வளவு சனம் வந்து போன இடம், வெட்டாமல் வைத்திருந்தேனே என்று அவருக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.